மபூட்டோவின் நான்கு வாசல்கள்: தேர்தலுக்குப் பிந்தைய 75 நாளும் வெளிநாட்டவரும்

தலைநகரான மபூட்டோவை இரண்டு ஊராகப் பிரித்துப் பேசுவது மொசாம்பிக்கில் பழைய வழக்கம். போர்த்துக்கீசியர் காலத்தில் கடலோரமாக அடுக்குமாடியும் அகலச் சாலையுமாகக் கட்டிய பகுதிக்கு ‘சிமெண்ட் நகரம்’ என்று பெயர். அதைச் சுற்றி நாணல் தட்டிகளில் தொடங்கி, இன்று சிமெண்ட் கல்லும் தகரமுமாக மாறிவிட்ட பகுதி ‘நாணல் நகரம்’. வெளிநாட்டிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் ஊரில், பொலானா, சொமர்ஷீல்ட் பக்கம் குடியிருக்கிறார்கள். ஊரை விட்டு வெளியேறும் சாலைகளோ பெரும்பாலும் இரண்டாவது ஊரின் நடுவே போகின்றன.

தேர்தல் முடிவை எதிர்த்து 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி வரை நடந்த கலவரத்தில் வெளிநாட்டவர் பட்ட பாட்டில் பாதியை இந்த வரைபடமே சொல்லிவிடும். வீட்டுக்குள் ஆபத்து குறைவு. வீட்டிலிருந்து விமான நிலையம் போகிற ஐந்தாறு கிலோமீட்டரில்தான் ஆபத்து. கம்பெனிகளும் தூதரகங்களும் எழுதி வைக்கிற பாதுகாப்புத் திட்டங்களில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன. வீட்டுக்கு இரும்புக் கதவு, காவலாளி, சுற்றுச்சுவர் மேல் மின்வேலி என்று எல்லாம் இருக்கும். வெளியேற ஒரே ஒரு சாலைதான் யோசிக்கப்பட்டிருக்கும்.

கலவரத்துக்கும் நாள்காட்டி உண்டு

வாக்குப்பதிவு 2024 அக்டோபர் 9. அன்று ஊர் அமைதியாக இருந்தது. தேசியத் தேர்தல் ஆணையம் 15 நாளுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அக்டோபர் 24 அன்று ஆளும் ஃபிரெலிமோ கட்சியின் டேனியல் ஷாப்போவுக்கு 70.67 சதவீதம் என்று அறிவித்தது. 1975 ஜூனில் விடுதலை கிடைத்த நாளிலிருந்து ஆட்சியில் இருக்கும் கட்சி அது. அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்பே, எதிர் வேட்பாளர் வெனான்சியோ மொண்ட்லானேவின் வழக்கறிஞர் எல்வினோ டியாஸும், அவரை ஆதரித்த பொடெமோஸ் கட்சியின் பவுலோ குவாம்பேயும் மபூட்டோ தெருவில் காருக்குள் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். 2023 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் மபூட்டோ, பக்கத்து நகரான மத்தோலா முடிவுகள் பற்றிய கோபமும் ஆறியிருக்கவில்லை.

ஆனால் ஆணையத்தின் அறிவிப்பு இறுதி அல்ல. அரசியலமைப்பு மன்றம் அதை உறுதி செய்தால்தான் செல்லும். அந்த உறுதி வந்தது டிசம்பர் 23 அன்று. ஷாப்போவின் பங்கு 65.17 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, வெற்றி மாறவில்லை. வாக்களித்த நாளிலிருந்து எண்ணினால் 75 நாள். பதவியேற்பு ஜனவரி 15. இத்தனை நீண்ட இடைவெளியில் ஒவ்வொரு தேதியும் ஒரு வெடிமருந்துக் குச்சி.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு, 30 அன்று முடிவு, அன்று மாலையே அதிபர் கிபாக்கி மீண்டும் பதவியேற்பு, அன்று இரவே தீ. யாருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கவில்லை. மொசாம்பிக் அப்படி இல்லை. மொண்ட்லானே நாட்டுக்கு வெளியே இருந்தபடி ஃபேஸ்புக் நேரலையில் அடுத்த கட்டம் என்ன, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். அக்டோபர் 21 பொது வேலைநிறுத்தம். அக்டோபர் 31 முதல் ஒரு வாரம், நவம்பர் 7 அன்று மபூட்டோவில் பெரும் பேரணி. இரவு 9 மணிக்கு ஜன்னலோரம் நின்று பாத்திரம் தட்டுவது. டிசம்பர் முதல் வாரத்தில் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வாகனங்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்ற அழைப்பு. நம்மூர் பந்த் அறிவிப்பு மாதிரிதான். துண்டறிக்கைக்குப் பதிலாக நேரலை.

இதில் வெளிநாட்டவருக்குப் பெரிய பாடம் ஒன்று உண்டு. போர்த்துக்கீசியம் தெரியாத குடும்பங்கள் தெருவில் புகை எழும்பிய பிறகு விஷயம் தெரிந்துகொண்டன. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் காவலாளிக்கும் முந்தின நாளே எல்லாம் தெரிந்திருந்தது. “நாளைக்கு ஷப்பா ஓடாது” என்று அவர்கள் சொன்னால் அதுதான் சரியான உளவுத் தகவல். ஷப்பா என்பது அங்கத்திய சிற்றுந்து. நாணல் நகரத்து மக்கள் வேலைக்கு வருவதே அதில்தான். தூதரகத்தின் பாதுகாப்பு அறிவிப்பு பல நேரம் அதற்குச் சில மணி நேரம் பின்னால்தான் வந்தது. காலை 4 மணி வாக்கில் ஷப்பா சத்தம் கேட்கவில்லை என்றால் அன்று பள்ளிக்கூடம் இல்லை, அலுவலகம் இல்லை என்று முடிவு கட்டலாம்.

டிசம்பர் 23 வரை இந்த நேர ஒழுங்கு பெருமளவு நிலைத்தது. அதன் பிறகு உடைந்தது. அறிவிப்பு எதுவும் தேவைப்படாமல் கூட்டம் இறங்கியது. மத்தோலாவில் கிடங்குகள் காலி செய்யப்பட்டன. டிசம்பர் 25 அன்று சிறைகளிலிருந்து சுமார் 1,500 கைதிகள் தப்பினார்கள். அடுத்த சில இரவுகள்தான் மிக மோசமானவை. கத்தியோடு வீடு வீடாக வருகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவ, தெருவுக்குத் தெரு இளைஞர்கள் கம்பும் அரிவாளுமாகக் காவலுக்கு நின்றார்கள். அவர்களுக்கு முகம் தெரியாத எவரும் சந்தேகத்துக்குரியவர். இருட்டின பிறகு காரை எடுக்காதே என்ற விதிக்கு அங்கே வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நான்கு வாசல்கள்

முதல் வாசல் மேற்கே போகிற என்4 நெடுஞ்சாலை. மத்தோலா வழியாக ரெசானோ கார்சியா எல்லைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். எல்லையின் அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவின் லெபோம்போ சாவடி. மபூட்டோ சாப்பிடும் தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயத்தில் பெரும்பங்கு இந்த வழியாக லாரியில் வந்து சிம்பெட்டோ மொத்தச் சந்தையில் இறங்குகிறது. எதிர்த் திசையில் தென்னாப்பிரிக்காவின் குரோம் தாது லாரிகள் மபூட்டோ துறைமுகத்துக்கு வருகின்றன. இரு நாட்டுப் பணமும் ஓடுகிற குழாய் இது. கையில் டயரும் தீப்பெட்டியும் மட்டும் உள்ளவனுக்கு அதை அடைப்பதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. நவம்பர் முதல் வாரத்தில் மொசாம்பிக் பக்கம் வாகனங்கள் கொளுத்தப்பட, தென்னாப்பிரிக்கா லெபோம்போவை மூடியது. பிறகு திறந்தது, மூடியது, திறந்தது. மத்தோலா சுங்கச்சாவடி அடிக்கடி போராட்டக்காரர் கையில் இருந்தது. சுங்கக் கட்டணம் மீதான வெறுப்பு தேர்தலைவிடப் பழையது.

இரண்டாவது, வடக்கே சிம்பெட்டோ, மர்ராக்வேனே வழியாகப் போகிற என்1. நாட்டின் ஒரே முதுகெலும்புச் சாலை. கலவர நாளில் இது தப்பிக்கும் வழியே கிடையாது. போகப் போக இன்னும் தடைகள், எரிபொருள் நிலையம் குறைவு.

மூன்றாவது விமான நிலையம். மவலானே பகுதியில் இருக்கிறது. நாலாபுறமும் நெருக்கமான குடியிருப்புகள். அரசியலமைப்பு மன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகு டிசம்பர் 23 இரவிலிருந்து இங்கே போகும் சாலைகள் மறிக்கப்பட்டன, விமானங்கள் ரத்தாகின. விடிகாலை விமானத்துக்குச் சீட்டு எடுத்தவர்கள் முந்தின நாள் பகலிலேயே போய் உள்ளே உட்கார்ந்துகொள்வது ஒன்றுதான் வழி. பகல் 11 மணிக்குள் தடைகள் பொதுவாகக் குறைவு, மாலையில் அதிகம் என்பது அங்கத்தியவர் கணக்கு. தீர்ப்பு நாள் மாதிரியான நாளில் அந்தக் கணக்கும் பலிக்காது.

நான்காவதைப் பலர் மறந்தே போகிறார்கள். துறைமுகத்துக்குத் தெற்கே 2018இல் திறந்த கட்டெம்பே தொங்குபாலம். பாலத்தைத் தாண்டினால் மக்கள் அடர்த்தி சட்டென்று குறைகிறது. பெலா விஸ்தா வழியாகப் போன்டா டோ ஓரோ, அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் கோசி பே சாவடி. சாவடி பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். மாலையில் போய்ச் சேர்ந்தால் இரவு எல்லையில்தான். இருந்தும் நான்கில் நெரிசல் குறைந்த வாசல் இதுவே. தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாலையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தவருக்கும், வரைபடத்தில் மட்டும் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

வாசல் திறந்திருந்தாலும் உள்ளே விட வேண்டுமே. இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும், இன்னொரு பக்கத்து நாடான எஸ்வாட்டினிக்கும் வேண்டும். போர்த்துக்கல், பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருக்கிற பக்கத்து வீட்டார் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களோடு ஒரே கம்பெனியில் ஒரே வேலை பார்க்கிற இந்தியர் எல்லையில் நிற்பார். கம்பெனியின் வெளியேற்றத் திட்டத்தில் “தரைவழியாக நெல்ஸ்ப்ரூட்” (எல்லை தாண்டிய தென்னாப்பிரிக்க நகரம்) என்று ஒரு வரி இருந்தால், யார் யாருக்கு விசா இருக்கிறது என்று ஒரு பட்டியலும் அதன் கூடவே இருக்க வேண்டும். மறியல் தொடங்கிய பிறகு விண்ணப்ப மையத்துக்கே போக முடியாது. வாக்குப்பதிவுக்கு மூன்று மாதம் முன்பே, பலமுறை நுழையும் விசாவாக எடுத்து வைப்பதுதான் உருப்படியான ஒரே தயாரிப்பு.

இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான சின்ன மஞ்சள் அட்டை. மொசாம்பிக் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இல்லை, எனவே பலர் ஊசி போடாமலே வந்திருப்பார்கள். நெருக்கடியில் கிடைக்கிற சீட்டு அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ இருக்கும். எத்தியோப்பியாவும் கென்யாவும் பட்டியலில் உள்ளவை. அங்கே இரவு தங்க நேர்ந்தால் இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் பேச்சு வரும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும்.

பணம், போன், மின்சார டோக்கன்

அக்டோபர் 25 வாக்கில் முதலில் போனது மொபைல் டேட்டா. பிறகு சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. நவம்பரில் பல இரவுகள் மொபைல் இணையம் நிறுத்தப்பட்டது. ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலி போட்டவர்கள் சமாளித்தார்கள். 2023இலேயே மொசாம்பிக்கில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதால் அதை வைத்திருந்த அலுவலகங்கள் தப்பித்தன. விபிஎன் செயலியைத் தடை வந்த பிறகு தரவிறக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அதே தவறு நடக்கிறது. 2025 அக்டோபர் 29 தேர்தலின்போது தான்சானியாவில் இணையமே நாட்கணக்கில் நின்றது. தார் எஸ் சலாமில் ஊரடங்கு. அங்கேயும் அதே புலம்பல்தான் கேட்டது.

டேட்டா போனாலும் குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண் அடித்துச் செய்கிற சேவைகள் வேலை செய்யும். போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா, இ-மோலா இரண்டும் அந்த வகையில் ஓடுகின்றன. எனவே “இணையம் இல்லை, பணம் அனுப்ப முடியாது” என்பது தவறான பயம். உண்மையான சிக்கல் வேறு. பணத்தைப் போட, எடுக்க உதவுகிற முகவர்கள் தெருவோரம் குடை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். மறியல் நாளில் குடை மடங்கிவிடும். கணக்கில் இருக்கும் பணம் கணக்கிலேயே இருக்கும், நோட்டாக மாறாது. ஆகவே இரண்டும் வேண்டும்: மின்சாரம், ரீசார்ஜ், காய்கறிக்காரம்மா ஆகியோருக்குக் கொடுக்க எம்-பெசாவில் இருப்பு, மற்றதற்கு நோட்டு. உள்ளூர் நாணயம் மெட்டிகால்; ஒரு டாலர் சுமார் 64 மெட்டிகால் என்று பல ஆண்டாகவே நிலையாக நிற்கிறது. 1,000 மெட்டிகால் கட்டாக வைத்திருந்தால் பயனில்லை. சில்லறை தர எவரிடமும் இருக்காது. 50, 100 நோட்டுகள்தான் அந்த நாட்களின் நாணயம்.

தெருத் தடையில் நிறுத்தும் இளைஞன் “ரெஃப்ரெஷ்கோ” கேட்பான். குளிர்பானம் என்று பொருள். டீக்காசு என்று நாம் சொல்வதுபோல. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, வணக்கம் சொல்லி, ஒரு சின்ன நோட்டு கொடுத்து, இயந்திரத்தை நிறுத்தாமல் மெதுவாக நகர்வதுதான் வழக்கம். சில தடைகளில் காசு கேட்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் வாசக அட்டை ஒட்டச் சொன்னார்கள், அல்லது ஒரு கோஷம். வெளிநாட்டவர் கோஷம் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது. அடுத்த திருப்பத்தில் போலீஸ் நிற்கலாம். சிரித்துக் கையாட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தால் இரு தரப்புமே விட மாட்டார்கள். சிவப்புச் சட்டை வேண்டாம். அது ஃபிரெலிமோவின் நிறம். தடைக்குப் பின்னால் போலீசின் மஹிந்திரா பிக்கப் வருவது தெரிந்தால் உடனே பக்கவாட்டுத் தெருவில் ஒதுங்க வேண்டும். கண்ணீர்ப்புகைக் குண்டும் அதற்குப் பின் தோட்டாவும் வருகிற திசை அது.

இனி மின்சாரம். வீடுகளில் இருப்பது ‘கிரெடெலெக்’ என்கிற முன்பணம் கட்டும் மீட்டர். கடையிலோ போனிலோ காசு கொடுத்தால் 20 இலக்க எண் வரும். மீட்டரில் அடித்தால் யூனிட் ஏறும். கடை பூட்டி, போன் கணக்கில் பணமும் இல்லாத வாரத்தில் யூனிட் தீர்ந்தால் இருட்டு. போதாக்குறைக்கு அந்த ஆண்டு ஒரு விநோதமும் சேர்ந்துகொண்டது. இந்த வகை மீட்டர்கள் உலகெங்கும் ஒரே தரக் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. டோக்கனின் உள்ளே இருக்கும் நேரக் கணக்கு 2024 நவம்பர் 24 அன்று முடிந்தது. அதற்குள் மீட்டரில் சிறப்பு எண்கள் இரண்டை அடித்துப் புதுப்பிக்காவிட்டால் புதிய டோக்கனை அது ஏற்காது. தெருவில் டயர் எரிகிற நவம்பரில் இந்தத் தேதி விழுந்தது. வாடகை வீட்டில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவர் லிஸ்பனில் இருப்பார். டோக்கன் முன்னரே வாங்கி மீட்டரில் ஏற்றி வைத்தால் காலாவதி ஆகாது. ஒரு மாதத்துக்கானதைத் தேதிக்கு முன்பே ஏற்றுவது நூறு பாதுகாப்புக் கருத்தரங்குக்குச் சமம்.

ஐவரி கோஸ்ட்டில் 2010 நவம்பர் 28 இரண்டாம் சுற்றுக்குப் பின் நடந்ததை இங்கே ஒப்பிடத் தகும். அபிஜானில் 2011 பிப்ரவரியில் பெரிய வெளிநாட்டு வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. பணம் எடுக்கும் வரிசை தெருவைச் சுற்றியது. மருந்துக் கடைகளில் சரக்கு தீர்ந்தது. தோற்றும் பதவி விலகாத அதிபர் பாக்போ ஏப்ரல் 11 அன்று பிடிபடும் வரை நான்கு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஏப்ரலில் இந்தியத் தூதரையே அவருடைய இல்லத்திலிருந்து படையினர் மீட்க வேண்டி வந்தது. தூதரகம் நம்மைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பி இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

வீட்டுக்குள் பத்து நாள்

பாதுகாப்புத் துறையில் இதற்கு ‘உறக்கநிலை’ என்று பெயர். பெயர் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் குடும்பத்தோடு வீட்டில் அடைந்து கிடப்பது. மபூட்டோவில் பெரும்பாலான நாட்களுக்கு இதுதான் சரியான முடிவாகவும் இருந்தது. நால்வர் குடும்பம், பத்து நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், மொத்தம் 600 லிட்டர். அதில் குடிக்க, சமைக்க ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 120 லிட்டர் தனியாக மூடிய கேனில். நகரத்துக்கு நீர் உம்பெலூசி ஆற்றிலிருந்து வருகிறது. ஆனால் அடுக்குமாடியில் கீழ்த் தொட்டியிலிருந்து மேலே ஏற்றுவது மோட்டார். மின்சாரம் போனால் எட்டாவது மாடிக்குத் தண்ணீரும் வராது. மொட்டை மாடித் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று கட்டடக் காவலாளியிடம் விசாரிப்பது முதல் வேலை.

அரிசி 12 கிலோ, பருப்பு 3 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள். காய்கறி இரண்டு மூன்று நாளில் தீரும், பிறகு வெங்காயமும் உருளையும்தான். விலை ஏறுவதும் முதலில் அவைதான், காரணம் மேலே சொன்ன என்4. சமையல் எரிவாயு 11 கிலோ உருளை ஒன்று நால்வருக்கு மூன்று வாரம் வரும். இரண்டாவது உருளை நிறைந்து நிற்க வேண்டும்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சாம்பாரில் போகும் துவரம் பருப்பில் கணிசமான பகுதி மொசாம்பிக்கின் வடக்கு மாகாணங்களில் விளைவது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வரை வாங்க இந்தியா ஒப்பந்தமே போட்டிருந்தது. அறுவடை முடிந்து நகாலா, பெய்ரா துறைமுகங்களில் கப்பல் ஏறும் மாதங்களும் அக்டோபர் தேர்தல் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. மறியல் நடந்த நம்புலா மாகாணத்தில்தான் நகாலா இருக்கிறது. சென்னையில் பருப்பு வியாபாரம் செய்பவர்கள் மொண்ட்லானே பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. 12 வோல்ட் 150 ஆம்பியர் ஈய பேட்டரி ஒன்றில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும், அதாவது 900 வாட்-மணி. ரூட்டர், மூன்று எல்இடி விளக்கு, ஒரு மின்விசிறி சேர்த்து 90 வாட் என்றால் பத்து மணி நேரம். குளிர்பதனப் பெட்டியை இதில் போட்டால் நாலு மணி நேரத்துக்குள் எல்லாம் அணைந்துவிடும். அதற்கு ஜெனரேட்டர். 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் குடிக்கும். காலை இரண்டு மணி, இரவு இரண்டு மணி ஓட்டினால் நாளுக்கு 8 லிட்டர், பத்து நாளுக்கு 80. அவ்வளவு பெட்ரோலை வீட்டில் வைப்பது கலவரத்தைவிட ஆபத்து. எனவே குளிர்பதனப் பெட்டியில் இறைச்சியே வைக்காமல் காலி செய்துவிடுவதுதான் அனுபவசாலிகள் வழி. பால்கனியில் ஜெனரேட்டர் ஓட்டிக் கதவைச் சாத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கண்ணீர்ப்புகை ஆறாவது மாடிக்கும் வரும். எடுவார்டோ மொண்ட்லானே அவென்யூ (இவர் வேட்பாளர் மொண்ட்லானே அல்ல, வேறொருவர்) ஓரத்துக் குடியிருப்புகளில் வந்தது. டிசம்பர் வெயிலில் ஜன்னல் திறந்திருக்கும் நேரம். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் ஏசியை அணைத்து, ஜன்னல் கீழ் இடுக்கில் ஈரத் துண்டு சுருட்டி வைத்து, தெருவுக்கு எதிர்ப்பக்க அறைக்குக் குழந்தைகளை மாற்ற வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கால் மணி நேரத்தில் சரியாகும். ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில். ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் அடுக்குமாடிவாசிகளின் முதல் தவறு.

காய்ச்சல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மலேரியாக் காலம். மறியலில் அடைபட்ட வீட்டில் இரண்டாம் நாள் காய்ச்சலைத் “தெரு திறக்கட்டும்” என்று தள்ளிப்போட்டால் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான மலேரியா வகை ஒன்றிரண்டு நாளில் கைமீறிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைப் பட்டை ஆளுக்கு இரண்டும், பெரியவர் ஒருவருக்கு ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் 24 மாத்திரை கொண்ட முழு அட்டையும் மருத்துவரிடம் கேட்டு முன்பே வாங்கி வைக்க வேண்டும். நான்கு மாத்திரை வீதம் ஆறு வேளை: முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து, பிறகு 24, 36, 48, 60ஆம் மணியில். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும். வெறும் கஞ்சியோடு விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்காகவே ஒரு மருத்துவரின் எண் போனில் இருக்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர் நிலை வேறு

‘வெளிநாட்டவர்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதில் ஒரு மோசடி இருக்கிறது. சொமர்ஷீல்டில் கம்பெனி வீட்டில் இருப்பவருக்கு இது பத்து நாள் அடைப்பு. மபூட்டோ கீழ்நகரில் தலைமுறைகளாக மொத்தவியாபாரம் செய்யும் குஜராத்தி வம்சாவளியினர் பலர் மொசாம்பிக் குடிமக்களே. அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை. 2011க்குப் பிறகு தொழிலதிபர்களைக் கடத்திப் பணம் கேட்கும் கும்பல்களின் பயமும் சேர்ந்து அவர்கள் வாழ்க்கையே காவலோடுதான். நாணல் நகரத்துச் சந்துகளிலும் மாகாணச் சிற்றூர்களிலும் சிறுகடை வைத்திருக்கும் வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர், புருண்டிக்காரர் நிலைதான் மிக மோசம். கடைக்குப் பின்னாலேயே படுக்கை; சரக்கே மொத்த ஆஸ்தி; கொளுத்தினால் எல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

அந்தக் கடைகள் குறிவைக்கப்பட்டது வெளிநாட்டவர் மீதான வெறுப்பால் என்று சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. மபூட்டோ, மத்தோலாவில் கொள்ளை போனவற்றில் பல்பொருள் அங்காடி, கிடங்கு, மருந்துக் கிடங்கு எல்லாம் அடக்கம். தடை போட்ட இடத்துக்கு அருகே சரக்கு இருந்தது, போலீஸ் வேறு இடத்தில் இருந்தது, விலைவாசி ஏறியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் உடைந்தது. தெருவாசிகளுக்குக் கடன் கொடுத்துப் பழகிய சில கடைகளை அந்தத் தெருக்காரர்களே காத்தார்கள். வேறு இடங்களில் அதே கடன்நோட்டை எரிக்கவே கடையைக் கொளுத்தினார்கள். எது எப்போது நடக்கும் என்று விதி கிடையாது.

‘ஷெஃப்பெ டி குவார்த்தெய்ராவ்’ என்கிற தெருக்குழுத் தலைவரோடு நல்லுறவு வைத்துக்கொள்ளுங்கள் என்று பழைய கையேடுகள் சொல்லும். சாதாரண நாளில் அது நல்ல அறிவுரைதான். வசிப்பிடச் சான்று வாங்கவே அவர் வேண்டும். ஆனால் இந்தப் பதவிகள் பெரும்பாலும் ஆளுங்கட்சியோடு பின்னிப் பிணைந்தவை. 2024 டிசம்பரில் சில இடங்களில் அவர்களே தாக்குதலுக்கு ஆளானார்கள். கலவர இரவில் அவர் வீட்டில் அடைக்கலம் தேடுவது தீயைத் தேடிப் போவதாக முடியலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி, ஷப்பா ஓட்டுநர், தேவாலயத்துக்காரர் ஆகியோர் இன்னும் உறுதியான துணை.

காப்பீடு இருக்கிறதே என்று இருந்த கடைக்காரர் பலருக்குப் பாலிசியின் பின்பக்கம் அதிர்ச்சி கொடுத்தது. சாதாரண தீ, திருட்டுக் காப்பீடு கலவரம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் கிளர்ச்சி ஆகியவற்றை விலக்கும். தனிப் பிரீமியம் கட்டி அரசியல் வன்முறைப் பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும். தேர்தல் தேதி நெருங்கினால் காப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பிரிவை விற்பதையே நிறுத்திவிடும், அல்லது காத்திருப்புக் காலம் போடும். இருந்தாலும் சரக்குக் கணக்கை நிரூபிக்க வேண்டும். சரக்குப் பதிவேடும் கடையோடு சேர்ந்து எரிந்துவிட்டால் எதைக் காட்டுவது? வாரம் ஒருமுறை அலமாரிகளைப் படம் எடுத்து, கொள்முதல் ரசீதுகளோடு நாட்டுக்கு வெளியே உள்ள ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பதற்கு ஆகும் செலவு எதுவுமில்லை.

போவதா, இருப்பதா

பதில் நாளைப் பொறுத்தது. நவம்பர் 7க்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் நடுவே விமானங்கள் ஓடின, பல நாட்கள் தெரு திறந்திருந்தது. கிளம்ப வேண்டியவர்கள் அப்போது கிளம்பியிருக்க வேண்டும். அரசியலமைப்பு மன்றத்தின் தீர்ப்பு நெருங்குகிறது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். டிசம்பர் 15 அன்று வடக்கே கபோ டெல்காடோவைச் சீடோ புயல் வேறு தாக்கியது. மீட்புப் பணியிலும் கவனம் பிரிந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போக 24ஆம் தேதிக்குச் சீட்டு எடுத்தவர்கள் சிக்கினார்கள். 20ஆம் தேதிக்கு எடுத்தவர்கள் தப்பினார்கள். நான்கு நாள் வித்தியாசம்.

தெருவில் டயர் எரியத் தொடங்கிய பிறகு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. அந்தக் கட்டத்தில் வீட்டிலேயே இருந்து, தடை குறைகிற இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். பொதுவாக உச்சத்துக்குப் பிறகு மூன்று நான்கு நாளில் ஓர் இடைவெளி கிடைக்கும். கொளுத்துகிறவர்களும் அரிசி வாங்க வேண்டும் அல்லவா.

காகிதங்களில் முதன்மையானது டீரே என்கிற வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டை. குடியேற்றத் துறை அலுவலகம் மறியல் நாட்களில் திறக்காது. அட்டை டிசம்பரில் காலாவதி ஆகிறது என்றால் அக்டோபருக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்த ரசீது மட்டும் கையில் இருந்தால், வெளியே போய்விட்டுத் திரும்பி நுழைவதில் வம்பு வரலாம். அசல் கடவுச்சீட்டைத் தெருவில் எடுத்துச் செல்லாமல் நோட்டரி சான்றளித்த நகலை வைத்துக்கொள்வது அங்கே எல்லாரும் செய்வது. மபூட்டோவில் இருப்பது இந்திய ஹைகமிஷன். மொசாம்பிக் 1995இல் காமன்வெல்த்தில் சேர்ந்ததால் அந்தப் பெயர். அங்கே பெயர் பதியாதவரை யாரும் தேடி வர மாட்டார்கள். கடவுச்சீட்டு எரிந்து போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். இடையில் இறங்கும் நாட்டின் விதியைச் சீட்டு எடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும்.

மொண்ட்லானே 2025 ஜனவரி 9 அன்று மபூட்டோ திரும்பினார். 15 அன்று ஷாப்போ பதவியேற்றார். மார்ச் 23 அன்று இருவரும் நேரில் சந்தித்தார்கள். அதற்குள் 300க்கும் மேற்பட்டோர் இறந்திருந்ததாக அங்கத்திய கண்காணிப்பு அமைப்பான ப்ளாட்டஃபோர்மா டெசிடி கணக்குச் சொன்னது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாணல் நகரத்து இளைஞர்கள். ஆயிரக்கணக்கானோர் மலாவிக்கு ஓடிப்போயிருந்தார்கள். சுங்கச்சாவடிகளில் கட்டணம் கொடுக்க மறுப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2028இல், பொதுத்தேர்தல் 2029இல் வர வேண்டும். இரண்டும் அக்டோபர் வாக்கில்தான், மழை தொடங்கும் பருவத்தில். தென்னாப்பிரிக்க விசாவுக்கு ஜூலையிலேயே விண்ணப்பிக்கலாம்.